பாறை ஊட்டும் உயிர்

செந்தூலுக்கு வடக்கே செலாயாங்கில் வெந்நீர் ஊற்று ஒன்று உள்ளது. நிலத்தின் ஆழத்திற்கு இறங்கிய மழைநீர், அங்குள்ள வெப்பத்தால் சூடாகி மேலே வருகிறது. இன்னும் ஆழத்தில், ஒளியும் உயிர்வளியும் இல்லாத நீரில் உயிர் வாழுமா?

வாழும். தென்னாப்பிரிக்காவின் எம்போனெங் தங்கச் சுரங்கத்தில், 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரில் ஒரே வகைப் பாக்டீரியா தனித்து வாழ்வதை 2008ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு நீரைப் பிளக்கிறது. அப்போது வெளிப்படும் ஹைட்ரஜனே அதற்கு ஆற்றல் தருகிறது. உயிர்வளிக்குப் பதிலாக அது நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்துகிறது.

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் உணவுண்டு என்பர் முன்னோர். இந்நுண்ணுயிருக்கோ கல்லே உணவளிக்கிறது. கதிரவன் ஒளி எட்டாத செவ்வாயின் ஆழத்திலும் உயிரைத் தேடலாம் என்னும் நம்பிக்கையை அது விதைத்துள்ளது.