ஏர்பேக் விளக்கும் எலக்ட்ரீஷியனின் பொறுமையும்

காரின் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் சில நொடிகள் எரிந்து அணையும் ஏர்பேக் விளக்கு, அவ்வமைப்பு தன்னைத்தானே சோதித்துக் குறையில்லை எனக் கண்டதைத் தெரிவிக்கிறது. அது அணையாமல் எரிந்தாலும், தொடக்கத்தில் எரியாமலேயே இருந்தாலும், பழுதுண்டு என்றே கொள்ள வேண்டும். வண்டியின் ஓட்டத்தில் மாற்றம் எதுவும் தெரியாததால் உரிமையாளர்கள் பலர் இதை மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்நிலையில் மோதல் நேர்ந்தால் பை விரியும் என்பதற்கு உறுதியில்லை.

இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையிலும், முன்பயணிக்கானது 2021இலும் புதிய கார்களுக்குக் கட்டாயமான பிறகு, இப்பழுதைக் கண்டறியும் வேலை சென்னையின் சிறு பணிமனைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே ஆட்டோ எலக்ட்ரீஷியன் முதலில் ஸ்கேன் போடுகிறார். எஞ்சின் கோளாறுகளை மட்டும் படிக்கும் மலிவுக் கருவி இதற்குப் பெரும்பாலும் உதவாது. ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் நினைவகத்தைப் படிக்கவல்ல ஸ்கேனர் வேண்டும். டொயோட்டா வண்டிகள் பலவற்றில் பி1801 என்னும் குறியீடு, ஓட்டுநர் பையைப் பற்றவைக்கும் மின்சுற்று அறுந்திருப்பதைக் குறிக்கும். அறுந்த இடம் எது என்பதைக் குறியீடு காட்டுவதில்லை. அதைக் கண்டறிவதே தொழிலாளியின் திறமை.

கட்டுப்பாட்டுப் பெட்டி அச்சுற்றில் மிக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, ஏறத்தாழ 2 முதல் 3 ஓம் வரையுள்ள மின்தடை மாறாதிருக்கிறதா என்று பார்த்துவரும். ஸ்டீயரிங் எவ்வளவு சுழன்றாலும் தொடர்பு அறாமலிருக்க, பட்டைக் கம்பியைச் சுருளாக அடக்கிய கிளாக் ஸ்பிரிங் அதனடியில் பொருத்தப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் சுருங்கி விரிந்து அது அறும்போது ஹாரனும் ஸ்டீயரிங் பொத்தான்களும் உடன் செயலிழப்பதுண்டு என்பதால், அனுபவமுள்ளவர் ஸ்கேனரைக் கீழே வைத்துவிட்டு ஹாரனை அழுத்திப் பார்க்கிறார். குறியீடு பக்கவாட்டுப் பையையோ, மோதலின்போது பெல்ட்டை இறுக்கும் ப்ரீடென்ஷனரையோ சுட்டினால், இருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் கனெக்டரைத் தேடிக் குனிகிறார். இருக்கையை முன்னும் பின்னும் தள்ளுவதாலேயே அது தளர்வதுண்டு.

கழற்றும் வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை விடுவித்துவிட்டு, அவர் வெறுமனே காத்திருக்கிறார். மோதலில் பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் பையை விரிக்கப் போதுமான மின்சாரத்தைப் பெட்டிக்குள்ளிருக்கும் கெப்பாசிட்டர் சேமித்து வைத்திருக்கும். அது வடிய எவ்வளவு நேரமாகும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். பற்றவைப்பானின் தடையை அவர் மல்டிமீட்டரால் அளப்பதுமில்லை. மீட்டரிலிருந்து பாயும் சிறு மின்னோட்டமே பையை வெடிக்கவைக்கக்கூடும். அவசரம் மிகுந்த பணிமனையில் இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பவரின் உழைப்புக்குத் தனிக் கூலி எழுதப்படுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

பையின் இடத்தில் அதற்கிணையான தடையை மாட்டி, பழுது பையிலா கம்பியிலா என்று பிரித்தறிவது முறையான சோதனை. அதே தடையை உள்ளேயே விட்டு மூடிவிடுவதோ உயிரோடு விளையாடும் மோசடி. அப்போது விளக்கு ஒழுங்காக எரிந்து அணையும், ஸ்கேனரும் குறையில்லை என்றே காட்டும். ஆகவே மோதலுக்குள்ளான பழைய காரை வாங்குவோருக்காகப் பரிசோதிக்கும் நேர்மையான எலக்ட்ரீஷியன், விளக்கையும் ஸ்கேனரையும் மட்டும் நம்பாமல், காத்திருந்து ஸ்டீயரிங் மூடியைக் கழற்றி, உள்ளே பை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பின்னரே தன் முடிவைச் சொல்கிறார்.