ஓடாமல் ஓடும் சொல்

நான்கு ரன் எடுக்க ஓட வேண்டியதில்லை. பந்து எல்லைக்கோட்டைத் தொட்டதும் மட்டையாளர் பாதி வழியில் நின்றுவிடுகிறார். எதிர்முனைக்காரரோடு கையுறையை முட்டிக்கொண்டு, ஆடுகளத்தில் இல்லாத ஒரு மேட்டை மட்டையால் தட்டிச் சமப்படுத்திவிட்டு, சாவகாசமாகத் தன் இடத்துக்கு நடந்து போகிறார். கணக்கில் நான்கு ஓட்டம் ஏறிவிடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கணக்குப் பார்ப்பவர் ஒரு குச்சியும் கத்தியுமாக உட்கார்ந்து, ஓடி எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டுப் போடுவார். அந்த வெட்டின் பெயரான 'நாட்ச்'தான் அன்றைக்கு எண்ணிக்கைக்கும் பெயர். குச்சியில் இருந்ததை இருந்தபடி சொன்ன சொல். அதைத் தள்ளிவிட்டு ரன் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த ரன் மேல் எனக்கு வெகுநாளாக ஒரு கண். ஓடுவதற்கென்று பிறந்த வினைச்சொல், ஓடாதவற்றோடுதான் அதிகம் பழகுகிறது. ஆங்கிலத்தில் சாலை ஓடுகிறது, வேலி ஓடுகிறது, சுவரில் விரிசல் ஓடுகிறது. எதுவும் இடத்தைவிட்டு அசைவதில்லை. அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' நாடகம் 1952 நவம்பரில் லண்டனில் ஓடத் தொடங்கியது. கொரோனா வந்து 2020 மார்ச்சில் நிறுத்தும்வரை விடாமல் ஓடியது, மறு ஆண்டு எழுந்து மறுபடி ஓடியது. இத்தனை ஆண்டில் அது கடந்த தூரம், ஒரு தியேட்டரிலிருந்து பக்கத்துத் தியேட்டர். நம் படங்களும் நூறு நாள் ஓடியவைதான். ஆனால் அங்கே புரொஜெக்டருக்குள் பிலிமாவது ஓடியது.

வங்கிக் கதை இன்னும் விசேஷம். போட்ட பணம் போய்விடுமோ என்று ஊரே திரண்டு வந்து திருப்பிக் கேட்பதற்கும் ஆங்கிலத்தில் ரன் என்றே பெயர். 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கிக்கு அது நேர்ந்தபோது, 1866க்குப் பிறகு பிரிட்டனில் இப்படி நடப்பது இதுவே முதல்முறை என்று எழுதினார்கள். படங்களைப் பார்த்தால் ஓடுகிறவர் ஒருவரும் இல்லை. கிளை வாசலிலிருந்து தெருக்கோடி வரை வரிசை. இடித்துத் தள்ளாமல், முணுமுணுக்காமல், மணிக்கணக்கில் நின்றுகொண்டே அந்த ஓட்டத்தை ஓடி முடித்தார்கள்.

தேர்தலிலும் இதே குழப்பம். அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டன் வேட்பாளர் நிற்கிறார். இந்த ஒரு விஷயத்தில் நாம் பிரிட்டன் கட்சி. நம் ஊரிலும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார்கள். ஜெயித்தபின் சிலர் ஓடுவது வேறு கணக்கு.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இந்தச் சொல்லைத் திருத்தி எழுதியவர் பீட்டர் கில்லிவர். அவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ஒரு பிள்ளையே பிறந்துவிடும் காலம். அவர் பிரித்து அடுக்கிய பொருள்கள் 645. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடத்தில் இருந்தது 'செட்', 430 பொருள்களோடு. அகராதிகளின் கதையை நாவல்போல எழுதும் சைமன் வின்செஸ்டர் இதற்கு 2011இல் ஒரு விளக்கம் சொன்னார்: செட் என்பது பழைய, நிதானமான காலத்தின் சொல். இயந்திரங்கள் வந்தபின் எல்லாம் ஓட ஆரம்பித்தது. ரயில் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, கணினியில் நிரல் ஓடுகிறது. அவசர யுகத்துக்கு ஏற்ற வினை இதுதான் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வேலியையும் வங்கி வரிசையையும் அவர் எங்கே வைப்பார்?

பள்ளியில் எங்களுக்கு இந்தச் சொல்லை நடத்திய ஆங்கில ஆசிரியருக்கு யுகம், இயந்திரம் பற்றியெல்லாம் கவலை இல்லை. ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தை மேசைமேல் வைத்திருப்பார், திறக்க மாட்டார். எடுத்துக்காட்டுகள் எல்லாம் சொந்தச் சரக்கு, எல்லாவற்றிலும் வருகிறவர் ஒரே பால்காரர். 'ரன் அவுட் ஆஃப்': பால்காரரிடம் பால் தீர்ந்துபோனது. 'ரன் இன்டு': தண்ணீர் கலக்கக் குழாயடிக்குப் போன இடத்தில் எதிர்பாராமல் தலைமையாசிரியரைச் சந்தித்தார். 'ரன் டவுன்': ஊரில் நாலு பேர் அவரை இழிவாகப் பேசினார்கள். 'ரன் அப்': வியாபாரம் படுத்து, கடைக்குக் கடை கடன் ஏற்றிக்கொண்டார். 'ரன் அவே': ஒருநாள் விடியுமுன் ஊரைவிட்டே போனார். பாடம் நகர நகர அந்த மனிதர் எங்கள் கண்ணெதிரே சீரழிந்துகொண்டிருந்தார். கரும்பலகையில் சார் 'ரன் ஓவர்' என்று எழுதி, "ஒரு லாரி..." என்று தொடங்கியதும் கடைசி பெஞ்சிலிருந்து யாரோ, "வேண்டாம் சார்" என்றார்கள். சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, லாரி ஏறியது பால் கேன் மேல் என்று முடித்தார். வகுப்பு மூச்சு விட்டது. அந்தத் தேர்வில் ரன் கேள்வியில் ஒருவரும் தவறவிடவில்லை. பல பேர் விடையில் பால்காரர் வந்தார்.

அவரே இன்னொருநாள், தமிழ்ப் பையன்களுக்கு இதில் பயம் எதற்கு என்று கேட்டார். வீட்டில் பூனை குட்டி போடுகிறது, அம்மா கோலம் போடுகிறாள், தாத்தா தூக்கம் போடுகிறார், சித்தப்பா சட்டையும் போடுகிறார், சண்டையும் போடுகிறார். இதையெல்லாம் உனக்கு எவன்டா சொல்லிக்கொடுத்தான்?

பிறந்த மொழியில் இந்தச் சொற்களை யாரும் அகராதியில் தேடுவதில்லை. அகராதியைப் பிரிப்பது தெரியாத சொல்லுக்காக. ரன்னுக்குப் பொருள் பார்க்கும் ஆங்கிலேயரை நான் கேள்விப்பட்டதில்லை. யாரும் பார்க்காத அந்தப் பதிவுக்குத்தான் ஒருவர் ஒன்பது மாதம் உழைக்கிறார். ஊருக்கு நடுவே எல்லாரும் தினமும் மிதிக்கும் படிக்கட்டைக் கட்டியவர்போல.

இந்த வேதனையை முதலில் உரக்கச் சொன்னவர் சாமுவேல் ஜான்சன். 1746இல் புத்தக வியாபாரிகளோடு 1,500 கினிக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, மூன்றே ஆண்டில் அகராதியை முடிப்பதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு வெளியிட்ட திட்ட அறிக்கையில் மொழியை நிலைநிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கை தெரிகிறது. அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது, அந்த வயதில் அப்படித்தான் தோன்றும். லண்டன் கஃப் சதுக்கத்து வீட்டின் மேல்மாடியில் ஆறு உதவியாளர்கள் நகலெடுத்தார்கள். ஜான்சன் நூல்களில் பென்சிலால் கோடு போட்டுத் தள்ளினார். இரவல் கொடுத்தவர்களுக்குப் புத்தகம் எந்த நிலையில் திரும்பியது என்பது தனிச் சோகம். மூன்று ஆண்டு கிட்டத்தட்ட ஒன்பது ஆனது. இடையில் 1752இல் மனைவி இறந்தார்.

1755இல் வந்த முன்னுரையில் திட்ட அறிக்கையின் மிடுக்கு இல்லை. தன்னைத் திணறடித்தவை அரிய சொற்களல்ல, வா, போ, கொடு, எடு வகைச் சின்ன வினைகள்தான் என்று ஒரு பட்டியலே போடுகிறார். பட்டியலில் ரன்னும் இருக்கிறது. இவை நாழிகைக்கு நாழிகை உறவு மாறிக்கொண்டிருக்கின்றன என்கிறார். இவற்றை அகராதியில் பிடிப்பது, புயலில் ஆடும் தோப்பை அதன் நீர்ப்பிம்பத்தைப் பார்த்து வரைய முயல்வதைப் போன்றதாம். நான் அந்த இடத்தில் எப்போதும் புத்தகத்தை மூடிவிடுவேன். மரம் ஆடுகிறது என்பதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நீரையும் கொண்டுவந்தார். பேசுகிறவர்கள் வாயில் சொல் ஆடுகிறது, எழுதியவர்கள் ஏட்டில் அதன் நிழல் வேறு விதமாக ஆடுகிறது, அகராதிக்காரர் கையில் இருப்பது அந்த நிழல் மட்டும். காற்றும் நிற்பதில்லை. கில்லிவரின் 645ஐப் பார்க்கும்போதெல்லாம், நிழலில் இத்தனை இலையை எண்ணிவிட்டார்களே என்றுதான் எனக்குத் தோன்றும். ஜான்சன் உயிரோடிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார், அல்லது அதில் விட்டுப்போன ஒன்றை எடுத்துக்காட்டியிருப்பார். இரண்டையும் செய்திருப்பார் என்று பந்தயம் கட்டலாம்.

அகராதியால் பேர் வந்தது, பணம் தங்கவில்லை. ஒப்பந்தப் பணத்தில்தான் உதவியாளர்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் கடனுக்குள்ளும் ஓடித்தான் போக வேண்டும், ஜான்சன் ஓடிப் போயிருந்தார். 1756 மார்ச்சில், அகராதி வெளிவந்து ஓராண்டு நிறைவதற்குள், 5 பவுண்டு 18 ஷில்லிங் பாக்கிக்காக அவரைக் கைது செய்தார்கள். நாவலாசிரியரும் அச்சகக்காரருமான சாமுவேல் ரிச்சர்ட்சனுக்குக் கடிதம் எழுதினார். ரிச்சர்ட்சன் அன்றைக்கே 6 கினி கொடுத்தனுப்பினார். ஒரு கினிக்கு 21 ஷில்லிங் கணக்கில் பார்த்தால், கடன் போக 8 ஷில்லிங் மிச்சம்.