அப்பா விட்டுப்போன மூடி

திருக்கை மீனின் தோல் என்றதும் மூக்கைப் பிடித்துக்கொள்கிறீர்களா, சகோதரிகளே? நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பிடித்துக்கொண்டேன். இன்று அந்தத் தோல் போர்த்திய பெட்டி ஒன்று எங்கள் மதுரை வீட்டில், அம்மாவின் கட்டிலருகே இருக்கிறது. அது வந்த கதையைக் கேளுங்கள்.

என் அப்பாவுக்கு மரவேலையில் ஒரே பித்து. அம்மாவின் மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொள்ளத் தேக்கில் ஒரு சின்னப் பெட்டி செய்தார். "மூடிக்குத் திருக்கைத் தோல் போர்த்தித் தருகிறேன், பார்!" என்று வாக்கும் கொடுத்தார். பதினைந்தாம் லூயி மன்னர் காலத்தில் பாரிஸில் கலூஷா என்ற கைவினைஞர் இந்தத் தோலால் பெட்டிகளைப் போர்த்திப் புகழ் பெற்றாராம். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இந்தத் தோலை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். ஜப்பானிய சாமுராய் வீரர்களின் வாட்பிடியிலும் இதே தோல்தான். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த அப்பா, மூடியை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. கண்ணாடி போட்டும் பயனில்லை. ஆனால் பெட்டியைத் தடவியபடியே, "உங்கப்பா மூடியை முடிக்கலையே" என்பாள். அந்த வார்த்தைதான் என்னைப் புதுமடத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று.

மண்டபத்துக்கு மேற்கே, மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கும் ஊர் அது. கருவாட்டுக்காகத் திருக்கை அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் தோல் கேட்டேன். "சதைக்குத்தானே விலை, தோலை எதுக்குக் கேக்குறீக?" என்று சிரித்தாள். அப்பா புகழ்ந்த வகை, உடம்பெல்லாம் முள் நிறைந்த திருக்கை. அதைக் கேட்டதும் அவள் சிரிப்பு நின்றது. "ஆத்தாடி, அதைப் பிடிக்கப்படாது தாயி, கேஸ் ஆயிரும்!" என்றாள். உண்மைதான். 2001-ஆம் ஆண்டு முதல் அந்த இனத்துக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. எனக்கு வெட்கமாகிவிட்டது. கழித்துப் போடவிருந்த சாதாரணத் தோல் இரண்டை வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை!

அவசரப்பட்டு, சரியாகக் காயாத முதல் தோலை ஒட்டினேன். மறுநாள் அது அப்பளம்போலச் சுருண்டு கிடந்தது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. சதையைச் சுரண்டி, உப்பிட்டு, பலகையில் விறைப்பாக ஆணியடித்து நிழலில் உலர்த்தினேன். நடுமுதுகில் மணிமணியாக இருக்கிறதே, அந்த ஒவ்வொரு மணியும் பல்லைப் போன்ற அமைப்பு உடையது. கத்தி மழுங்கிப் போகும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க, மணிகள் மட்டமாகி வெள்ளை வட்டங்களாகத் தெரிந்தன. பிறகு தண்ணீரில் ஊறவைத்து இளக்கி, வஜ்ரம் தடவி மூடியில் போர்த்தி, நூலால் இறுகக் கட்டினேன். காயும் வரை தொடவே இல்லை.

பெட்டியை அம்மாவின் மடியில் வைத்தேன். அவள் விரல்கள் மணிகளின் மேல் மெல்ல ஊர்ந்தன. வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "முடிச்சுட்டாரா?" என்று கேட்டாள்.

"முடிச்சுட்டார், அம்மா" என்றேன்.

அந்த ஒரு பொய்க்காக நீங்கள் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள், இல்லையா?