இரவு வேலை

எந்த அறையில் யார் இருமுகிறார், அது வெறும் இருமலா, தேத்தண்ணி புரையேறியதா என்று நடையின் அடுத்த கோடியில் நின்றே சொல்லிவிடுவேன். லண்டனில் ஒரு கெயார் ஹோமில் இரவு வேலை பார்த்த காலம் அது. இப்போது ஆரம்பப் பள்ளி ஒன்றில் மதியச் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் பாதிக்கும் கீழே. குறைவதில் ஒரு பங்கை யூனிவேர்சல் கிரெடிற் என்ற அரசாங்கக் கொடுப்பனவு ஈடுசெய்கிறது.

ஏன் விட்டேன் என்று நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டியவர்கள் பலர். கை கொடுக்க ஆள் இல்லை. பகலில் வீட்டில் படுத்தாலும் அழைப்பு மணி காதில் அடித்தது. நித்திரை போனது. டொக்டர் கடிதம் தந்தார். தகுந்த காரணமில்லாமல் தானாக வேலையை விட்டவரின் கொடுப்பனவை முதல் தடவையிலேயே மூன்று மாதம் வரைகூட வெட்ட விதி இருக்கிறது. அந்தக் கடிதம்தான் என்னைக் காப்பாற்றியது. முதற்காசு வர ஐந்து கிழமை. அதுவரை நகை அடகில் இருந்தது.

எனக்குப் பிள்ளை இருப்பதால் சம்பளத்தில் ஒரு தொகையைத் தொடமாட்டார்கள். அதற்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் கொடுப்பனவில் குறையும். 2021 கடைசி வரை அது 63. அரசாங்கக் காசில் இருக்கிறாள் என்று எங்கள் சனம் கதைக்கும். கதைக்கட்டும். உடைந்துபோகும் மனிதர் மூச்சு விடத்தான் இந்த ஏற்பாடு. வாங்குவதில் எனக்கு வெட்கமில்லை.

ஏங்குவது கெயார் ஹோமில் இருந்த மனிதர்களுக்காக.

ஒருவர் 159ஆம் இலக்க பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். லண்டனில் பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் கடைசியாக ஓடிய வழக்கமான சேவை அது. 2005 டிசம்பரில் அதுவும் நின்றது. அவருக்கு மட்டும் நிற்கவில்லை. சாமம் இரண்டு மணிக்கு எழும்பி நடையில் நின்று தரிப்பிடங்களைக் கூப்பிடுவார்: ஸ்ட்ரெத்தம், பிரிக்ஸ்டன், கென்னிங்டன், வெஸ்ட்மின்ஸ்டர், ஒக்ஸ்போர்ட் சேர்க்கஸ். படுக்கப் போங்கள் என்றால் கோபம் வரும். மார்பிள் ஆர்ச் வந்துவிட்டது, எல்லாரும் இறங்கியாச்சு என்று சொன்னால் திருப்தியாகத் திரும்பிப் போவார். இந்த நகரத்தின் தெருக்களை நான் அவர் வாயால்தான் வரிசையாகப் படித்தேன். பகலில் அவருடன் இருந்தவர்களுக்கு அவர் வாய் திறக்காத ஒரு கிழவர். அந்தக் குரல் இரவு வேலைக்காரிக்குக் கிடைத்த வரம்.

இன்னொருவர் போலந்துக்காரி. மறதி முற்ற முற்ற ஆங்கிலம் உதிர்ந்து, கடைசியில் போலிஷ் மட்டும் மிஞ்சியது. நான் தமிழில் பதில் சொல்லுவேன். தலைமுடி வாரும்போது இருவரும் நெடுநேரம் கதைப்போம். என்ன கதைத்தோம் என்று கேட்டால் தெரியாது. கதைத்தோம் என்பது தெரியும்.

பள்ளி வேலையில் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் நல்லவர்கள். பின்னேரம் என் மகனுடன் இருக்கிறேன், இரவில் நித்திரை வருகிறது. ஆனால் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு பிள்ளை இருமினால் கால் தானாக ஓடுகிறது.

இரவுக்குப் போதிய ஆள் போடும் இடம் ஒன்று எங்காவது இருந்தால் திரும்பிப் போவேன். சம்பளம் இப்போது வாங்குவதே போதும்.