அப்பாவின் கார் ஏன் ஸ்ரார்ட் ஆகவில்லை

போன டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை. அப்பாவைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போகவேண்டிய நாள். வெளியே மைனஸ் 17. அவருடைய காரிலேயே போவோம் என்று திறப்பைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பூஸ்ற் தந்தார். அன்றைக்குப் பின்னேரமே கராஜில் விட்டோம். பற்றரிக்கு ஐந்து வயது, ஆயுள் முடிஞ்சுது என்றார்கள். மாற்றினோம். 210 டொலர்.

மூன்று கிழமை கழித்து அதே டிக் டிக் டிக்.

கராஜுக்குப் போன் எடுத்தேன். “புதுப் பற்றரியும் இறங்குதெண்டால் ஆல்டர்னேற்றர்தான்” என்றார்கள். 750 டொலர் வரும். “மாத்திவிடுவம், கரைச்சல் முடியும்” என்றார் என் கணவர். நானும் ஓம் சொல்லப் பார்த்தேன். ஆனால் பத்து வருசமாக சொஃப்ட்வெயர் வேலை பார்க்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது: பிழை எங்கே என்று தெரியாமல் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டு போனால், கடைசியில் எது சரி செய்தது என்றும் தெரியாது, எது கெடுத்தது என்றும் தெரியாது. 30 டொலருக்கு ஒரு மல்ரிமீற்றர் வாங்கினேன்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “உதெல்லாம் என்னத்துக்குப் பிள்ளை? என்ஜின் ஓடேக்கை பற்றரி வயர் ஒண்டைக் கழட்டிப் பார். நிண்டால் ஆல்டர்னேற்றர் போச்சு.” யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ் கார்களுக்கு அப்படித்தான் பார்த்தார்களாம். உங்கள் வீட்டிலும் யாராவது இதைச் சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். ஆல்டர்னேற்றர் தருகிற மின்சாரத்தை நிதானமாக வைத்திருப்பதே பற்றரிதான். ஓடும்போது அதைக் கழற்றினால் வோல்ற் திடீரென்று எகிறும். இப்போதைய கார்களில் இருக்கிற கம்பியூட்டர்கள் அதில் எரிந்துபோகலாம்.

மகளுக்கு ஒன்பது வயது. மீற்றரில் வருகிற எண்ணை வாசிப்பது அவள் வேலை. தமிழில்தான் வாசிக்கவேண்டும், ஏனென்றால் அம்மப்பா கொப்பியில் எழுதுகிறார். “பதினொண்டு புள்ளி ஒன்பது” என்றாள். அது ஓர் இரவு முழுக்க நிறுத்தி வைத்த காரின் அளவு. நல்ல பற்றரி என்றால் அந்த நிலையில் 12.6க்குக் கிட்ட இருக்கவேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட வெறும் பெட்டி. குளிரில் அந்த மிச்சமும் முழுதாகக் கிடைக்காது, உள்ளே நடக்கிற இரசாயனமே மந்தமாகிவிடும். பற்றரியின் மேல் சிசிஏ என்று ஓர் எண் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். மைனஸ் 18இல் எவ்வளவு தரும் என்பதற்கான கணக்கு அது. நாங்கள் இருக்கிற மார்க்கமில் ஜனவரி என்றால் அது வெறும் கணக்கு இல்லை, விடிய எழும்பினால் வாசலில் நிற்கிற குளிர்.

சார்ஜரில் ஓர் இரவு போட்டு, எடுத்தபின் சில மணித்தியாலம் ஆறவிட்டு அளந்தோம். 12.7. பற்றரி சார்ஜைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்ரார்ட் பண்ணும் நேரத்தில் 10.3 வரை இறங்கியது. பத்துக்குக் கீழே நன்றாக விழுந்திருந்தால்தான் பற்றரியைச் சந்தேகிக்கலாம். என்ஜின் ஓடும்போது 14.2. ஹெட்லைற், ஹீற்றர் ஃபான், பின்கண்ணாடிச் சூடு எல்லாவற்றையும் போட்டுவிட்டு அப்பாவை மெதுவாக அக்சிலேற்றரை மிதிக்கச் சொன்னேன். 13.9.

அதாவது 750 டொலர் ஆல்டர்னேற்றரில் ஒரு பிழையும் இல்லை. 13.5க்கும் 14.7க்கும் இடையில் நின்றால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். (புதுக் கார்களில் பெற்றோல் மிச்சம்பிடிக்க கம்பியூட்டரே சில நேரம் 13க்குக் கிட்டக் குறைத்துவிடும். அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். அப்பாவின் கார் 2012.)

முனைகளைச் சுரண்டித் துடைத்தோம். பெல்ற் இறுக்கமாகத்தான் இருந்தது. அடுத்தது, நிற்கிற காரில் எதுவோ களவாக மின்சாரம் குடிக்கிறதா என்று பார்ப்பது. பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவில் மீற்றரை அம்பியரில் வைக்கவேண்டும். அந்த நிலையில் மறந்தும் ஸ்ரார்ட் பண்ணக்கூடாது, மீற்றரின் பியூஸ் போய்விடும். கார் உடனே நித்திரைக்குப் போகாது, அரை மணிக்கு மேல் காத்திருக்கவேண்டும். நானும் மகளும் குளிரில் நின்று நின்று உள்ளே ஓடி ஓடி வந்தோம். கடைசியில் 28 மில்லி அம்பியர். 50 வரைக்கும் பரவாயில்லை என்பார்கள். களவும் இல்லை.

ஆக எல்லாம் சரி. ஆனால் கார் மட்டும் ஸ்ரார்ட் ஆகாது. வேலையில் இப்படியான பிழைதான் எனக்குப் பெரிய தலையிடி. நான் பார்க்கும்போது வராது, நான் இல்லாதபோது வரும். அதற்கு ஒரே வழி லொக் எழுதவிடுவது. பற்றரியில் பூட்டினால் வோல்ற்றை நாள் முழுக்கப் பதிந்து போனுக்கு அனுப்புகிற சின்னக் கருவி ஒன்று விற்கிறார்கள். அதைப் பூட்டிவிட்டு, ஒருவரிடமும் பெரிதாகச் சொல்லாமல் ஒரு கிழமை விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு வரைபடத்தைத் திறந்தேன். திங்கள், காலை பத்து மணிக்குக் கோடு சடாரென்று கீழே. பதினொன்றரை வரை மெல்ல மெல்ல இறங்குகிறது. பிறகு ஒரு ஐந்து நிமிசம் 14க்கு ஏறி, திரும்ப விழுகிறது. செவ்வாய் அதே. புதன் அதே. வெள்ளி வரை அதே. சனியும் ஞாயிறும் தட்டையான கோடு.

பத்திலிருந்து பதினொன்றரை. திங்களிலிருந்து வெள்ளி. இந்த நேரத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். என்னுடைய கலண்டரில். செப்டம்பரில் ரீம் மாறியதிலிருந்து என் மீற்றிங் நேரம் அதுதான்.

“அம்மப்பா காருக்குள்ள றேடியோ கேக்கிறவர். உங்களுக்குத் தெரியாதா?” என்றாள் மகள், போனை எட்டிப் பார்த்துவிட்டு. பள்ளிக்கூடம் லீவான ஒரு நாள் அவளும் போய் இருந்திருக்கிறாளாம்.

என்னுடைய வேலை அறைக்கும் அப்பாவின் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். தமிழ் வானொலியைச் சத்தமாகத்தான் வைப்பார். ஒக்டோபரில் ஒரு நாள், ஒரு முக்கியமான மீற்றிங்குக்கு நடுவில் கதவைத் திறந்து, “அப்பா, கொஞ்சம் குறையுங்கோ, மற்ற ஆக்களுக்குக் கேக்குது” என்றேன். கோபமாகச் சொல்லவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அடுத்த நாள் சத்தம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நல்லதாய்ப் போச்சு என்று நான் அதை மறந்தே போனேன்.

திங்கட்கிழமை பத்து இருபதுக்குக் கமராவை நிறுத்திவிட்டு வெளியே போனேன். அப்பா முன் சீற்றில், கோட்டும் தொப்பியும் போட்டபடி, பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு. கண்ணாடியில் தட்டினேன். பதறிப்போய் றேடியோவைக் குறைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

“சத்தம் உள்ளுக்கும் கேக்குதோ பிள்ளை?”

எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. மற்றப் பக்கம் போய் ஏறி இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, பேச வேறு விசயம் கிடைக்காமல், பற்றரியைப் பற்றியே பேசினேன். திறப்பை ‘ஒன்’னில் வைத்து றேடியோவும் சின்னதாய் ஃபானும் போட்டால் 6 அம்பியர் போகும். ஒன்றரை மணித்தியாலத்துக்கு 9 அம்பியர் மணி. இந்தப் பற்றரி முழுசாக 45தான். குளிர் தாங்காமல் கடைசியில் ஐந்து நிமிசம் என்ஜினை ஓட விடுகிறீர்கள், சரி, ஆனால் உறைந்து கிடக்கிற பற்றரி சார்ஜை மெல்லத்தான் வாங்கும். ஹீற்றரும் பின்கண்ணாடியும் வேறு இழுக்கும். போனதில் பத்தில் ஒரு பங்குகூடத் திரும்பி வராது. ஓடுகிற நாட்களும் குறைவு. கோயில், கடை, பத்து நிமிச ஓட்டம்.

அப்பா சிரித்தார். “சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட ஆள் நான். உது எனக்குத் தெரியாமப் போச்சே.” 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றதற்குப் பிறகு ஊரெல்லாம் அப்படித்தான் பி.பி.சி தமிழோசை கேட்டது. ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் சுற்றிவர இருந்து கேட்பார்களாம். சுற்றுகிறவர் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். நான் நாலு வயதில் இங்கே வந்துவிட்டேன், ஒன்றும் நினைவில்லை. இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன், ஆனால் அதைச் சொல்லும்போது அவர் கையால் சுற்றிக் காட்டுவதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அந்த மீற்றிங்கில் நான் திரும்பச் சேரவில்லை.

அந்தச் சனிக்கிழமை என் மேசையைப் பேஸ்மென்ருக்கு இறக்கினோம். அங்கே வெளிச்சம் குறைவு, மைனஸ் 20 நாட்களில் கால் விறைக்கும், ஆனால் மேலே என்ன நடக்கிறதென்று கேட்காது. அப்பாவின் வானொலி இப்போது குசினியில் சத்தமாகப் பாடுகிறது. காருக்கு ஒரு மெயின்ரெயினர் சார்ஜர் வாங்கினேன், 60 டொலர். நிற்கிற நேரமெல்லாம் பூட்டிவிடலாம், நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும். கராஜில் ஆல்டர்னேற்றரை வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள், எண்களைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

சில நாட்களில் அப்பா இன்னும் காருக்குத்தான் போகிறார். வீட்டு றேடியோவை விடக் காரில் பேஸ் நல்லாயிருக்குதாம்.