கடைசி ஆண்டிலிருந்து முதல் ஆண்டுக்கு

பிப்ரவரி 12, கிள்ளான்

அண்ணன் மகளுக்கு சன்வேயிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. மரபணுத்துறையில் மேஜர் செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. கட்டணம், பிடிபிடிஎன் கல்விக் கடன் எல்லாவற்றையும் அண்ணன் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார். எந்தப் பாடத்தை, அதாவது யூனிட்டை, எந்த செமஸ்டரில் எடுப்பது என்ற பேச்சு மட்டும் வீட்டில் எழவே இல்லை. நம் வீடுகளில் "என்ன கோர்ஸ்?" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

இரவு பல்கலைக்கழகக் கையேட்டை விரித்து உட்கார்ந்தோம். மூன்று ஆண்டுக்கு 24 யூனிட். ஒன்றுக்கு 6 புள்ளி வீதம் மொத்தம் 144. மேஜருக்கு வேண்டியது 8 யூனிட், அதாவது 48 புள்ளி.

"எட்டுதானா அத்தை? அப்ப மீதி பதினாறும் என் இஷ்டமா?"

அங்கேதான் பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள். முதல் நிலை யூனிட்டுகள் பத்தைத் தாண்டக் கூடாது. மூன்றாம் நிலையில் குறைந்தது ஆறு வேண்டும். பத்தும் ஆறும் போக மிஞ்சுவது எட்டு. அவை இரண்டாம் நிலையிலோ மூன்றாம் நிலையிலோ அமைய வேண்டும். குறியீட்டு எண்ணின் முதல் இலக்கமே நிலையைச் சொல்லிவிடும்: சிஎச்எம் 1011 முதல் நிலை, 2000 வரிசை இரண்டாம் நிலை.

பிப்ரவரி 15

இன்று தாளைத் திருப்பிப் போட்டு, மூன்றாம் ஆண்டிலிருந்து எழுதச் சொன்னேன். கடைசியில் படிக்க ஆசைப்படும் யூனிட் எது? அதற்கு முன்நிபந்தனையாக எதைக் கேட்கிறார்கள்? அதற்கும் முன்னால் எது? இப்படிக் கீழிறங்கி வந்தால் முதலாண்டு உயிரியல், வேதியியல், புள்ளியியல் எல்லாம் தாமாக வந்து நின்றன. எளிதாக மதிப்பெண் கிடைக்கும் என்று அவள் முதலில் குறித்து வைத்திருந்த இரண்டு விருப்பப் பாடங்களை அவளே அடித்துவிட்டாள்.

ஒவ்வொரு யூனிட்டும் எந்த செமஸ்டரில் நடக்கிறது என்பதையும் பக்கத்திலேயே எழுத வைத்தேன். ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும் யூனிட்டைச் சிவப்பு மையில் வட்டமிட்டோம். அதில் தவறினால் அடுத்தது ஓர் ஆண்டு கழித்துத்தான். அதை நம்பியிருக்கும் மூன்றாம் நிலைப் பாடமும் கூடவே தள்ளிப்போகும்.

பிப்ரவரி 16, பிரிக்ஃபீல்ட்ஸ்

துன் சம்பந்தன் சாலையில் என் பழைய மாணவியைச் சந்தித்தோம். அவள் படித்தது வேறொரு பல்கலைக்கழகத்தில். இரண்டாம் ஆண்டில் தோழிகளோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்று கரிம வேதியியலை ஒத்திப் போட்டாள். மூன்றாம் ஆண்டின் உயிர்வேதியியலுக்கு அதுதான் வாசல். படிப்பு ஓர் ஆண்டு நீண்டது. கடன் ஒப்பந்தக் காலமோ முடிந்துவிட்டது. அந்த ஆண்டுக் கட்டணத்துக்கு அம்மாவின் நகை அடகுக்குப் போனது. "யாராச்சும் ஒருத்தர் அன்னைக்கு இந்த மாதிரி ஒரு தாள் போட்டுக் காட்டியிருந்தா போதும் தங்கச்சி," என்றாள். என் மருமகள் அதன்பின் வெகுநேரம் வாய் திறக்கவில்லை.

பிப்ரவரி 17

நேரக் கணக்கு. ஒரு யூனிட்டுக்கு வாரம் 12 மணி நேர உழைப்பை எதிர்பார்க்கிறார்கள். நான்கு எடுத்தால் 48. விரிவுரை, ஆய்வுக்கூடம், சொந்தப் படிப்பு எல்லாம் அதில் அடக்கம், பயணம் அடங்காது. கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறி செத்தியா ஜெயாவில் இறங்க வேண்டும். அங்கிருந்து பிஆர்டி மின்பேருந்தில் சன்யூ-மோனாஷ் நிலையம். மலேசியப் பிள்ளைகள் முடிக்க வேண்டிய எம்பியூ பாடங்களும் இருக்கின்றன. ஆய்வுக்கூடம் அதிகமுள்ள இரண்டு யூனிட்டுகள் ஒரே செமஸ்டரில் விழுந்திருந்ததைக் கண்டு, ஒன்றை நகர்த்தினோம்.

பிறகு நீண்ட வாக்குவாதம். மரபணுத் தரவு இன்று கணினிக்குள் இருக்கிறது. நிரல் எழுதத் தெரியாதவர் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டிவரும். விருப்ப இடங்களில் ஒன்றை நிரலாக்கத்துக்குக் கொடு என்றேன். உளவியல் படிக்க வேண்டும் என்றாள். அவள் ஆசையும் நியாயமானதே. இரண்டுக்கும் இடம் இருக்கிறது, முதல் நிலையில் பத்தைத் தாண்டாதவரை. எண்ணிப் பார்த்தோம்: ஒன்பது.

பத்தாவது இடத்தைக் காலியாக விட்டோம். நாளை ஆலோசகருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் மூன்று கேள்விகள்: சிவப்பு வட்டமிட்ட யூனிட்டுகள் அடுத்த ஆண்டும் அதே செமஸ்டரில்தான் நடக்குமா, நிரலாக்கத்துக்குத் தனி முன்நிபந்தனை உண்டா, ஆய்வுக்கூட நேரங்கள் மோதுமா. அவளே மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று எழுதிப் பார்த்து, ஆங்கிலத்தை வைத்துக்கொண்டாள்.