கோடைக்கு ஒரு மாடி

எங்கள் குரோம்பேட்டைப் பக்கம் கோடை வந்துவிட்டதை முதலில் சொல்வது குழாய். மாசி வரை காலைக் குளியலுக்கு கீஸர் போட்ட அதே வீட்டில், பங்குனி பாதியில் பகல் பதினொரு மணிக்குக் கை கழுவக் குழாயைத் திறந்தால் தண்ணீர் சுடும். மொட்டை மாடியில் நிற்கிற கறுப்புத் தொட்டியும், அதிலிருந்து வெயிலில் சுவரோடு இறங்குகிற குழாயும் செய்கிற வேலை அது. அன்றிலிருந்து வீட்டின் நேரங்கள் மாறிவிடும். விடிவதற்கு முன் ஒரு குளியல், தொட்டி ஆறியபின் இரவில் ஒரு குளியல். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் மதியத்தில் குழாயை நீட்டக் கூடாது. வாளியில் பிடித்து ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

தண்ணீர் சுட்ட அன்று சாயங்காலமே நான் மாடிக்குப் போய்விடுவேன். மற்ற மாதங்களில் மாடி என்பது தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குகிற இடம். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் வீட்டிலேயே முக்கியமான அறை அதுதான்.

அங்கே காற்றைப் பார்ப்பதற்குக் கொடியில் காயும் துணி போதும். காலையில் மேல்காற்று அடித்தால் வேட்டியும் புடவையும் கிழக்கு பார்த்துப் பறக்கும். மதியம் தாண்டி ஒரு கட்டத்தில் எல்லாத் துணியும் அப்படியே தொங்கிப்போகும். முருங்கை இலைகூட அசையாது. கழுத்தில் வியர்வை வழியும். பிறகு ஒரு தலையணை உறை மட்டும் மெல்ல மேற்குப் பக்கம் புரளும். அதைத் தொடர்ந்து மற்றவையும் திரும்பும். கடற்காற்று வந்துவிட்டது. கரையோரத்தில் இருப்பவர்களுக்கு முன்பே வந்திருக்கும். உள்ளே இருக்கிற எங்களுக்குக் கொஞ்சம் தாமதம். செய்தியில் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு வெப்பநிலை சொல்கிறார்களே, கோடையில் மீனம்பாக்கம் பெரும்பாலும் ஒரு படி கூடுதலாக இருப்பதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம். மேல்காற்று பலமாக நின்று கடற்காற்றை உள்ளே விடாத நாளில்தான் வெயில் நாற்பதைத் தாண்டும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அந்த வருடத்து வைகாசியை அனுபவித்தவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வெயில் இறங்கினாலும் வீட்டின் சூடு இறங்குவதில்லை. கான்கிரீட் தளம் பகல் முழுக்கக் குடித்த சூட்டை ராத்திரியில்தான் கீழே இருக்கிற அறைக்குள் விடுகிறது. மின்விசிறி அதைச் சுற்றிச் சுற்றி நம் தலையில் இறக்கும். அதே நேரத்தில் சில அங்குலக் கான்கிரீட்டுக்கு மேலே, வானத்தைப் பார்த்த பக்கம், தரை ஆறத் தொடங்கியிருக்கும். கீழே புழுக்கம், மேலே காற்று, நடுவில் ஒரு தளம்.

தளம் என்றால் எனக்கு ஒரு தனி ஆர்வம் உண்டு. சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டதைப் பள்ளி விடுமுறை முழுக்க எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கான்கிரீட் பரவலாகிவிட்ட காலம் அது. ஆனாலும் அந்த வீட்டுப் பெரியவர் மெட்ராஸ் டெரஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

முதலில் சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்கள் ஏறின. அதன்மேல் செங்கல். சுவர் கட்டுகிற செங்கல் அல்ல. ஓர் அங்குலக் கனம்தான் இருக்கும், ஒரு கையில் அடங்கும். அதைப் படுக்கவைக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் வரிசை வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போனார் கொத்தனார். கீழே முட்டுக்கொடுத்த பலகை எதுவும் கிடையாது. ஒரு கல்லை எடுப்பார், சாந்தைத் தடவுவார், ஏற்கெனவே நிற்கிற கல்லோடு சேர்த்து அழுத்திக் கொஞ்ச நேரம் பிடித்திருப்பார், கையை எடுத்துவிடுவார். கல் அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு தடவையும் அது விழுந்துவிடும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். விழவே இல்லை.

பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மேலே கொட்டிப் பரப்பினார்கள். அதற்கப்புறம் தெருவே வேடிக்கை பார்த்தது. சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, ஆளுக்கொரு மரக்கட்டையால் தளத்தை அடிக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி பாட்டை எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், கட்டைகள் தாளம் தப்பாமல் ஒன்றாக விழும். வரிசை ஒரு முழம் நகரும், மறுபடி அடி. பக்கத்தில் ஒரு பீப்பாயில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். அதை அவ்வப்போது அள்ளித் தெளிப்பார்கள். புளித்த வெல்லமும் ஈரச் சுண்ணாம்பும் சேர்ந்த வாசனை தெருக்கோடி வரைக்கும் வரும். நாள்கணக்கில் இது நடந்தது. தொடக்கத்தில் கட்டை விழும்போது தொப்பென்று சத்தம் கேட்கும். போகப் போக ஓசை இறுகியது. கடைசியில் அடித்த இடத்தில் பள்ளம் விழாமல், கட்டையே துள்ளிக்கொண்டு மேலே வந்தது. மேஸ்திரி காது கொடுத்துக் கேட்டார், ஓர் இடத்தில் குதிகாலால் மிதித்துப் பார்த்தார், போதும் என்று கை காட்டினார். அதன்மேல் தட்டோடு பதித்து, மழைத்தண்ணீர் ஓடுவதற்கு ஒரு மூலைக்கு வாட்டம் கொடுத்து முடித்தார்கள்.

அந்த வீட்டுக்குள் சித்திரை மதியத்தில் நுழைந்தால் வித்தியாசம் உடம்புக்குத் தெரியும். தடித்த தளம், நடுவே சுண்ணாம்பு, உயரத்தில் உத்தரம். சூடு உள்ளே இறங்கி வருவதற்குள் சாயங்காலம் ஆகி, வீட்டுக்காரர்கள் மாடிக்குப் போய்விடுவார்கள். அந்தப் பெண்கள் அடித்த ஒவ்வோர் அடியும் அங்கே குடியிருந்தவர்களுக்கு எத்தனையோ கோடைகள் நிழல் கொடுத்தது. அடித்தவர்களில் ஒருத்திக்காவது அப்படியொரு கூரை சொந்தமாக இருந்திருக்குமா என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். வீடு கட்டியவரின் பெயர் வாசல் கல்லில் இருந்தது. தளம் அடித்தவர்களின் பெயரையும் ஒரு மூலையில் பொறித்திருக்கலாம்.

நல்ல தளமும் நல்ல வெயிலும் கிடைத்தால் எந்த அம்மா சும்மா இருப்பாள்? கூழ் வத்தலுக்கு விடிவதற்குள் அடுப்பு பற்றவேண்டும். ஏழு மணிக்குள் வேட்டியை விரித்துப் பிழிந்து முடித்துவிட்டால்தான் முதல் நாளே ஒரு காய்ச்சல் கிடைக்கும். மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக உரிப்பார்கள். மோர்மிளகாய் இன்னும் பொறுமை கேட்கும். குண்டு மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டும். காலையில் மிளகாயை மட்டும் எடுத்து மாடியில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போட வேண்டும். மோர் முழுவதையும் மிளகாய் குடித்துத் தீர்க்கும்வரை தினமும் இந்த ஏற்ற இறக்கம். கடைசி நாளில் ஜாடியின் அடியில் ஒரு சொட்டு மோர் இருக்காது. வெளிறிய மிளகாயின் மேல் உப்பு பூத்திருக்கும்.

எங்கள் மாடிக்கும் பக்கத்து மாடிக்கும் இடையே கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். "என்னக்கா, கூழுக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சீங்களா?" என்று அங்கிருந்து கேள்வி வரும். "பிழியாம இருப்பனா? இந்தா, வாயில போட்டுப் பாரு. உப்பு கூடியிருந்தா சொல்லு" என்று இங்கிருந்து பதில் போகும். பாதி காய்ந்த வத்தல் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கை மாறும். ஓரம் காய்ந்து நடுவில் ஈரம் நிற்கிற அந்த வத்தலின் ருசி, பொரித்த வத்தலுக்கு வராது. இரண்டு வீட்டுக்கும் வாசலில் பேச்சு குறைந்திருந்த வருடங்களில்கூட மாடியில் பேச்சு நிற்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் மாடிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். முதல் வாளி ஊற்றியவுடன் ஆவியாகிவிடும். இரண்டாவது வாளிக்குத் தரை கொஞ்சம் இறங்கிவரும். சாப்பாடு முடிந்து ஒன்பது மணிக்குப் பாயும் தலையணையும் கூஜாவும் மேலே ஏறும். படிக்கட்டுப் பக்கம் பாட்டி, நடுவில் பிள்ளைகள், கைப்பிடிச் சுவர் ஓரம் பெரியவர்கள். தாம்பரம் போகிற கடைசி மின்சார ரயிலின் சத்தம் தெளிவாகக் கேட்கும்.

தாத்தா எங்களுக்கு வானம் காட்டியது அங்கேதான். சித்திரை, வைகாசியில் இரவு எட்டு ஒன்பது மணிக்கு சப்தரிஷி மண்டலம் வடக்கே நன்றாக உயர்ந்து நிற்கும். அதன் வாலில் கடைசிக்கு முந்தைய நட்சத்திரம் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக இன்னொரு புள்ளி, அருந்ததி. கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கச் சொல்கிறார்களே, பெரும்பாலும் அது பகல் முகூர்த்தம். மணமக்கள் வெளிச்ச வானத்தை வணங்கிவிட்டுத் திரும்புவார்கள். அவர்கள் நிஜமாகவே அருந்ததியைப் பார்க்க ஏற்ற பருவம் இதுதான். அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி ஏறத்தாழ எண்பது வருடம் ஆகியிருக்கும். வாலின் வளைவோடு கண்ணை நீட்டிக்கொண்டு போனால் செம்மஞ்சளாக சுவாதி, இன்னும் கொஞ்சம் போனால் வெண்ணீலமாகச் சித்திரை நட்சத்திரம். சித்ரா பௌர்ணமி அன்று முழுநிலா இதன் அருகில்தான் வந்து நிற்கும். மே மாத நடுவில் ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பினால், அடிவானத்துக்குச் சற்று மேலே நான்கு நட்சத்திரங்கள் சிலுவையாக நிற்கும். திரிசங்கு என்று சொல்வார் தாத்தா. டெல்லிக்காரர்களுக்கு அது அடிவானத்தோடு ஒட்டிப்போய்விடுகிறது. தெற்கே இருக்கிற நமக்கு, மறைப்பில்லாத ஒரு மாடி இருந்தால் போதும்.

அந்த மாடிதான் இப்போது கிடைப்பதில்லை. 1931-ல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தின் இரு பக்கமும் ஒரு கிரவுண்டு, அரை கிரவுண்டு மனைகளில் எழுந்த வீடுகள்தான் எங்கள் புறநகர். ஒரு வீட்டுக்கு ஒரு மாடி இருந்தது. அந்த வீடுகளை இடித்து ஜாயின்ட் வென்சரில் அடுக்குமாடி கட்டிய பிறகு, எட்டு வீட்டுக்கு ஒரு மாடி. கூட்டம் அதிகமானால் மாடி இன்னும் கலகலப்பாக இருக்க வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் பல கட்டடங்களில் மாடிக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. சாவி சங்கச் செயலாளர் வீட்டு ஆணியில் இருக்கிறது. வத்தல் காயவைக்க வேண்டும் என்றால் மணியடித்துக் கேட்டு, வாங்கி, திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை கேட்ட பாட்டி இரண்டாவது முறை கேட்பதில்லை. கடையில் பாக்கெட் வத்தல் வாங்கிக்கொள்கிறாள். கீழே எட்டு வீட்டிலும் ஏசி ஓடுகிறது. மேலே தென்றல் ஆளில்லாத தளத்தில் வீசிவிட்டுப் போகிறது.

பூட்டுவதற்குச் சொல்கிற காரணங்களில் நியாயம் இருக்கிறது. குழந்தைகள் விழுந்துவிடும், யாராவது தொட்டியைத் திறந்துவிடுவார்கள், ராத்திரியில் வெளியாட்கள் ஏறுவார்கள் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் வழியும் இருக்கிறது. கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் மேலே கம்பி வையுங்கள். தொட்டி மூடிக்குத் தனிப் பூட்டுப் போடுங்கள். இரவு பத்துக்கு மேல் கதவைச் சாத்துங்கள். ஆனால் மாடி செயலாளருக்குச் சொந்தமல்ல. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பொதுப் பகுதிகளைப் பட்டியலிடும்போது, படிக்கட்டையும் லிஃப்டையும் சொல்கிற அதே இடத்தில் மாடியையும் சொல்கிறது. கடைசி வீட்டில் ஒற்றை அறையில் கிடக்கிற பாட்டிக்கும் அந்த வானத்தில் பங்கு உண்டு.

உங்கள் கட்டடத்திலும் மாடிக் கதவு பூட்டியே கிடந்தால், அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பங்குனியிலிருந்து வைகாசி வரை காலை ஆறு முதல் எட்டு வரை வத்தல் போடுகிறவர்களுக்கு, மாலை ஐந்து முதல் பத்து வரை எல்லோருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். சம்மதித்தார்கள் என்றால், முதல் நாள் சாயங்காலம் இரண்டு வாளித் தண்ணீரோடு நீங்களே மேலே போங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.